முதல் ஆள் சொல்லும் விலை

"இது எவ்வளவுங்க?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், அந்த அக்காவுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. கையில் இருக்கும் மர லாரியைச் சேலைத் தலைப்பால் துடைப்பார். துடைத்ததையே மறுபடியும் துடைப்பார். அதைக் கவிழ்த்து, சக்கரங்களுக்கு நடுவில் விலை எழுதியிருப்பதுபோல எதையோ தேடுவார். கடைசியில் கேட்டவர் முகத்தைப் பார்க்காமல் அவர் செருப்பைப் பார்த்துச் சொல்வார்: "நீங்களே சொல்லுங்க. எனக்குச் சொல்ல வராதுங்க."

அவர்களும் சொல்வார்கள். விலையை நீயே சொல் என்றால் மனிதர்கள் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா? ஐம்பது என்பார்கள். கொஞ்சம் இரக்கம் உள்ளவர்கள் நூறு என்பார்கள். அக்கா அந்த நோட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நான்கு நாள் பாடுபட்டுச் செய்த பொம்மையைத் தூக்கிக் கொடுத்துவிடுவார்.

நாமக்கல்லில் எருமப்பட்டி போகும் ரோட்டில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எனக்கு அடுத்த இடம் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை. பகலெல்லாம் வெல்டிங் பொறியும் சுத்தியல் சத்தமுமாக இருக்கும். பட்டறையை ஆரம்பித்தது அக்காவின் அப்பா, இப்போது தம்பி நடத்துகிறார். கட்டிக்கொடுத்த இடத்தில் ஒத்துவராமல் அக்கா பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்து பத்துப் பதினோரு வருசம் ஆகியிருந்தது. ஐம்பதை நெருங்கும் வயது. பட்டறைக்குப் பின்னால், முன்பு ஸ்டோர் ரூமாக இருந்த தகரக் கொட்டகையில் தங்கியிருந்தார். லாரியின் தரைக்கு இன்றைக்கும் பலகைதான் அடிக்கிறார்கள். அதில் வெட்டி விழும் வேப்பம் துண்டு, வாகைத் துண்டுகளைப் பொறுக்கிக் கொண்டுபோய் அக்கா பொம்மை செய்வார். சின்ன வயதில் அப்பாவோடு பட்டறையிலேயே கிடந்தவர், அதனால் உளியும் ரம்பமும் அவருக்குக் கரண்டி மாதிரி.

பொம்மை என்றால் சந்தையில் விற்கும் நடைவண்டி, கிலுகிலுப்பை என்று நினைத்துவிடாதீர்கள். நிஜ லாரியை எடுத்து ஒன்றரை அடியாகச் சுருக்கியதுபோல இருக்கும். பின்கதவு கீல் வைத்துத் திறக்கும். கயிறு கட்டும் கொக்கிகள் பக்கத்துக்குப் பத்து இருக்கும். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கிளீனர் படுக்க ஒரு பலகைகூட இருக்கும். அதை யாரும் பார்க்கப் போவதில்லை, உள்ளே விரல் நுழையாது. எதற்கு இது என்று கேட்டேன். "கிளீனரு எங்கீங்க படுப்பான்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

இப்படிப்பட்ட ஆளுக்கு விலை சொல்ல வராததற்குக் கூச்சம் மட்டும் காரணம் என்றால் நான் திட்டித் திருத்தியிருப்பேன். திட்டுவதில் எனக்குக் கைராசி உண்டு. ஆனால் அக்காவிடம் ஒரு சட்டம் இருந்தது. போணி மறுக்கக் கூடாது. அன்றைக்கு முதலில் வந்து வாய் திறந்து கேட்பவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. அவர் வாயிலிருந்து என்ன விலை வருகிறதோ அதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

போணி எல்லாக் கடைக்காரர்களுக்கும் முக்கியம்தான். கடை திறந்ததும் வரும் முதல் ஆளை நானும் கடன் சொல்ல விடமாட்டேன். ஆனால் எனக்கு முதல் ஆளுக்குப் பின்னால் எண்பது பேர் வருவார்கள். அக்காவைத் தேடி ஒரு நாளைக்கு ஒருத்தர் வந்தால் பெரிது. வருகிறவர் எல்லாருமே முதல் ஆள். வருசம் முழுக்கப் போணி விலைக்கே வியாபாரம் செய்த பெண்மணி இந்த ஜில்லாவில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

"இந்தச் சட்டத்தை யாருக்கா போட்டது?" என்று ஒருநாள் சண்டைக்கே போய்விட்டேன்.

"அப்பா காலத்துல நடந்துச்சுங்க அம்மிணி. காத்தால வந்த மொதப் பார்ட்டிய, வெல ஒத்துவல்லைன்னு அனுப்பிச்சுட்டாரு. அதுக்கப்பறம் ஆறு மாசம் பட்டறைக்குள்ள ஒரு வண்டி வல்லீங்க. நாங்க கம்மஞ்சோறு தின்னு கெடந்தோம்."

"அந்த வருசம் டீசல் விலை ஏறியிருக்கும். யாரும் புது வண்டி எடுத்திருக்க மாட்டாங்க."

"இருக்குமுங்க" என்று உடனே ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டதோடு சரி.

தெருவுக்கு இந்த விசயம் தெரிந்துபோனதுதான் கொடுமை. பிறந்தநாள், காதுகுத்து, கிரகப்பிரவேசம் எதுவென்றாலும் காலை ஆறரைக்கே கொட்டகை வாசலில் ஆள் நிற்கும். பல் விளக்கிக்கொண்டே வந்து, வாய் நுரையோடு "அறுவது ரூவா வெச்சுக்குங்க" என்று சொன்ன மகாராசனை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இதையெல்லாம் பார்த்தும் பார்க்காததுபோல நானும் இருந்திருப்பேன். ஒரு ஆடி மாசம் அக்கா ஆதார் கார்டை ஜெராக்ஸ் எடுக்க வந்தார். எதற்கு என்றேன். ரகசியம் சொல்வதுபோல மேசைமேல் குனிந்தார். நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் மண்டிக்குப் பின்னால் ஒரு லைன் வீடு காலியாக இருக்கிறது, முன்னால் தகரச் சார்ப்பு இறக்கியிருக்கிறார்கள், மரவேலைக்குத் தோதான இடம். வாடகை குறைச்சல். முன்பணம் முப்பதாயிரம். வீட்டுக்காரம்மா தை வரைக்கும் பொறுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

"தம்பி வீட்ல ஏதாச்சும் சொன்னாங்களாக்கா?"

"அய்யோ, இல்லீங்க. ஒரு சொல்லு சொன்னதில்லீங்க. மூணு நேரமும் தட்டத்துல போட்டுக் கொண்டாந்து குடுக்கறாங்க. தீவாளிக்கு நான் கேக்காமயே சேல எடுத்துட்டு வாராங்க. அதானுங்க." ஆதார் கார்டைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டே சொன்னார்: "அது ஸ்டோரு ரூம்புங்க அம்மிணி. வெளியதான் கொண்டி இருக்குது. உள்ள தாப்பாளு கெடையாது. ஒருக்காவாச்சும் நானா சாத்திக்கிட்டு ஒக்காரோணும்."

ஜெராக்ஸுக்குக் காசு வாங்க மறந்தேன். போணி நேரமாக இல்லாமல் போனது நல்லதாயிற்று.

தம்பியைப் பற்றிக் குறை சொல்ல எனக்கும் மனசு வராது. தங்கமான மனுசன். அந்தத் தங்கம்தான் அக்காவை அழுத்தியது. புது பாடி கட்டி முடித்து வண்டியை ஒப்படைக்கும்போது, "எங்க அக்கா கைவேலைங்க" என்று பெருமையாக ஒரு பொம்மையை எடுத்து ஓனர் கையில் கொடுத்துவிடுவார். ஓனர் பாக்கெட்டில் கை விட்டால், "சேச்சே, அதெல்லாம் என்னுங்க, நம்ம ஊட்டுப் பொருளுங்க" என்று கையைப் பிடித்துக்கொள்வார். அக்கா நாலெட்டுத் தள்ளி நின்று சிரித்துக்கொண்டிருப்பார். சும்மா கிடைத்த பொருளை அடுத்தவன் காசு கொடுத்து வாங்குவானா? "நம்ம மச்சானுக்குச் சும்மாதானே குடுத்தீங்க, நாங்க நூறு தர்றோம்" என்று நியாயம் பேசினார்கள். தம்பியிடம் சொல்லுங்கள் என்றேன். "சோறு போடற கையிகிட்ட எப்படீங்க வெல பேசறது?" என்றார் அக்கா.

சரி, இது நாம் இறங்கிச் செய்ய வேண்டிய காரியம் என்று முடிவு கட்டினேன். என் வீட்டுக்காரர் என்னைப் பஞ்சாயத்துத் தலைவி என்று கிண்டல் செய்வார், அது பொய் இல்லை. கடையிலேயே கலரில் ஒரு விலைப் பலகை அடித்து, லேமினேஷன் போட்டு, கொட்டகை வாசலில் மாட்டினேன். லாரி தொள்ளாயிரம். டிப்பர் ஆயிரம். போர்வெல் ரிக் வண்டிக்கு விலை கேட்டுத் தெரிந்துகொள்ளவும். இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தால், ஆள் வரும்போதெல்லாம் அக்கா அந்தப் பலகைக்கு முன்னால் போய் முதுகால் மறைத்து நிற்கிறார். ஒரு கிழவர் எட்டிப் பார்த்துப் படித்துவிட்டு, "இதெல்லாம் வெளியூர்க்காரனுக்கு எழுதுனது" என்று தானே முடிவு செய்து எண்பது கொடுத்துவிட்டுப் போனார்.

அன்றைக்கு வந்த கோபத்தில்தான் எனக்கு அந்த யோசனை தோன்றியது. முதல் ஆளுக்குத்தானே சட்டம்? அந்த முதல் ஆளாக நான் இருந்தால்?

மறுநாள் ஆறு மணிக்கே போய் நின்றேன். "அக்கா, ஒரு சக்கரம் குடுங்க. பத்து ரூபாய்."

"சக்கரத்தை வெச்சு என்ன பண்ணுவீங்க?"

"அது என் பாடு. கேட்டுட்டேன், விலையும் சொல்லிட்டேன். மறுப்பீங்களா?"

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு ஒரு சக்கரத்தை எடுத்துக் கொடுத்தார். பத்து ரூபாயைக் கண்ணில் ஒற்றினார். "ஆச்சு. போணி முடிஞ்சுது. இனிமே வர்றவன் இரண்டாவது ஆள். அவன்கிட்ட என்ன விலை சொல்றது?" என்றேன். பள்ளிக்கூடப் பிள்ளையைப்போல மெல்லிய குரலில், "தொள்ளாயிரமுங்க" என்றார். பத்துத் தடவை சொல்ல வைத்தேன். ஏழாவது தடவையில் சிரித்துவிட்டார்.

அன்றைக்கு ஏழரை மணிக்கு ஒரு கோழிப்பண்ணைக்காரர் வந்தார். பேரனுக்கு வேண்டும், எவ்வளவு என்றார். நான் போகாமல் கொட்டகை மூலையில் நின்றுகொண்டேன். அக்கா துடைத்தார். கவிழ்த்தார். செருப்பைப் பார்த்தார். பிறகு செருப்பிடமே, "தொள்ளாயிரமுங்க" என்றார். அந்த மனிதர் பேரம்கூடப் பேசவில்லை. பர்ஸை எடுத்து எண்ணிக் கொடுத்துவிட்டு லாரியை அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான். அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பாவமுங்க அவரு. ஏமாத்திப் போட்டனோ?" என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ஆடியிலிருந்து மார்கழி வரைக்கும் நான் தினமும் போனேன். மழையிலும் போனேன், காய்ச்சலோடும் போனேன். என் வீட்டு ஜன்னல் மேடையில் மரச் சக்கரங்கள் குவிந்தன. என் பையன் அவற்றைக் கேரம்போர்டில் வைத்து விளையாடினான். ஆறரை மணிக் கூட்டம் முதலில் முணுமுணுத்தது. "ஏனுங்க, உங்களுக்கு முந்தி வர்றதுக்கு நாங்க இங்கியே படுக்கோணுமா?" என்று பல் விளக்கும் மகாராசன் என்னிடம் நேராகவே கேட்டார். பிறகு கூட்டம் கரைந்தது. விலை கொடுத்து வாங்குபவர்கள் வர ஆரம்பித்தார்கள். எங்கே இருந்தார்களோ இத்தனை நாளும்! கார்த்திகை முடியும்போது அக்காவிடம் பதினெட்டாயிரம் சேர்ந்திருந்தது. இன்னும் பன்னிரண்டு வேண்டும்.

அப்போதுதான் அக்கா அந்த ரிக் வண்டியைச் செய்தார். போர்வெல் துளை போடும் லாரி. இரண்டரை அடி நீளம். பின்னால் ஒரு சின்னக் கைப்பிடியைச் சுற்றினால், படுத்திருக்கும் கம்பம் மெல்ல எழுந்து நெட்டுக்குத்தாக நிற்கும். மூன்று வாரம் ராப்பகலாக உழைத்தார். நான் அதைப் போட்டோ எடுத்து அனுப்பி, திருச்செங்கோட்டில் ஒரு ரிக் ஓனரைப் பிடித்தேன். புது ஆபீஸ் திறப்புக்கு மேசைமேல் வைக்க வேண்டும், பன்னிரண்டாயிரம் சரி, வியாழக்கிழமை பத்து மணிக்கு நேரில் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று போனில் சொன்னார். அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னபோது அவர் கைப்பிடியைச் சுற்றிக் கம்பத்தை எழுப்பினார், இறக்கினார், மறுபடி எழுப்பினார். "அப்ப தைக்குப் போயர்லாமுங்களா அம்மிணி?" என்றார்.

அந்த வியாழக்கிழமை என் நாத்தனார் நாமக்கல்லில் இருந்தார். என் வீட்டுக்காரருடைய மூத்த அக்கா, சேலம் அம்மாபேட்டையில் பட்டுச்சேலை வியாபாரம். மார்கழி என்பதால் ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்த வந்து, முதல் நாளே எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். என் ஜெராக்ஸ் கடை இருக்கும் கட்டடம் அவர்கள் வீட்டுடையது. எட்டு வருசத்தில் ஒரு பைசா வாடகை ஏற்றியதில்லை. ஏற்றச் சொல்லி நானும் கேட்டதில்லை. அதனால் அவர் காபியில் சர்க்கரை குறைவு என்றால் நான் டப்பாவையே தூக்கிக்கொண்டு ஓடுவேன்.

காலை ஆறு மணிக்குக் கோயிலுக்குக் கிளம்பியவர், "நீ எங்க இவ்ளோ காலைல?" என்று கேட்டபடி என் கூடவே நடந்து வந்தார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஒரு நிமிசம்தானே, சக்கரத்தை வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்தேன். கொட்டகை வாசலில் செருப்பைக் கழற்ற நான் குனிந்தேன். நாத்தனார் செருப்போடு உள்ளே போய்விட்டார்.

பலகைமேல் துணி விரித்து, துடைத்து வைத்திருந்தது ரிக் வண்டி.

"அட! என்னா அழகு! எவ்ளோம்மா இது?"

அக்கா துடைக்கவில்லை, கவிழ்க்கவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இன்னும் நான் சக்கரம் கேட்கவில்லை. அவருடைய கணக்கில் அன்றைக்கு முதலில் வாய் திறந்து கேட்டவர் என் நாத்தனார். திருச்செங்கோட்டுக்காரரோ என் போனில் வந்த குரல், நேரில் வந்து கேட்டவர் இல்லை.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "அண்ணி, அது விலை பேசியாச்சு" என்று சொல்லியிருக்கலாம். நான்கே சொல். என் நாத்தனார் என்னைக் கடித்துத் தின்றிருக்க மாட்டார், கொஞ்சம் முகம் சுளித்திருப்பார். அந்தச் சுளிப்பு ஆஞ்சநேயர் கோயில் வரைக்கும் வந்து, சேலம் வரைக்கும் போய், கட்டட வாடகையாகத் திரும்பி வருமோ என்று என் மூளை அந்த நேரத்தில் கணக்குப் போட்டது. ஊருக்கெல்லாம் விலை சொல்லக் கற்றுக்கொடுத்த என் வாய், பசை போட்டு ஒட்டியதுபோல ஒட்டிக்கொண்டது.

"நீங்களே சொல்லுங்க" என்றார் அக்கா. என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

"ஐநூறு தரலாம். மரம்தானே" என்றார் நாத்தனார்.

அக்கா இன்னும் ஒரு விநாடி என்னைப் பார்த்தார். பிறகு கம்பத்தைப் படுக்க வைத்து, துணியோடு சுற்றி, நாத்தனார் கையில் கொடுத்தார். ஐநூறு ரூபாயைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கோயிலுக்கு நடக்கும்போது நாத்தனார், "பாரு, கேட்டாத்தான் கிடைக்குது. நீ வாயே திறக்க மாட்டேங்கற" என்று எனக்குப் புத்தி சொல்லிக்கொண்டு வந்தார்.

பத்து மணிக்குத் திருச்செங்கோட்டுக்காரர் காரில் வந்தார். மரியாதையான ஆள், சத்தம் போடவில்லை. "சொல்லியிருந்தா நான் வேற பாத்திருப்பேனுங்களே" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார். எனக்கு அன்று இரண்டு கல்லூரிப் பிள்ளைகளுடைய புராஜெக்டைத் தலைகீழாகப் பைண்டிங் செய்துவிடும் அளவுக்குப் புத்தி பேதலித்துப்போயிருந்தது. தை பிறந்து மூன்றாம் நாள், மண்டிக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டுக்கு வேறு யாரோ குடிவந்துவிட்டார்கள்.

அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு காலையில் போக எனக்கு முகம் இல்லை. இரண்டு நாள் போகவில்லை. மூன்றாம் நாள் அக்காவே கடைக்கு வந்தார். ஒரு சக்கரத்தை மேசைமேல் வைத்து, "காத்தால உங்களுக்காவ எடுத்து வெச்சிருந்தேனுங்க" என்றார். குத்திக் காட்ட வரவில்லை. அவருக்கு அதெல்லாம் தெரியாது. அதனால்தான் எனக்கு நன்றாகக் குத்தியது.

"பையனுக்கு ஸ்கூல் வேன் இப்ப சீக்கிரமா வருதுக்கா. காலைல வர முடியறதில்ல" என்று பொய் சொன்னேன்.

"சரிங்க சாமி. பையன் படிப்புத்தான் முக்கியம்" என்றார். ஒரு வாரத்தில் பல் விளக்கும் மகாராசன் திரும்பி வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

பங்குனியில் நாத்தனார் போன் செய்தார். ரிக் வண்டியைக் கண்ணாடி ஷோகேஸில் வைத்திருக்கிறாராம். பார்த்துவிட்டு அவர் சம்பந்தியம்மா ஒன்று கேட்கிறாராம். "அதே மாதிரி, அதே விலைக்கு ஒண்ணு வாங்கிடு. பணத்தை உன் போனுக்கு அனுப்பிட்டேன்." பேசி முடிப்பதற்குள் ஐநூறு வந்து சேர்ந்த சத்தம் கேட்டது.

போய்ச் சொன்னேன். எவ்வளவு என்பதை மட்டும் சொல்லவில்லை. அக்கா சரி என்றார். மறுபடி மூன்று வாரம். முடிந்தது என்று ஆள் அனுப்பியதும், மறுநாள் விடிந்தும் விடியாமலும் போனேன். பையில் ஐநூறு ரூபாய் நோட்டு ஒன்று இருந்தது. நடக்கும்போது, நம் கையிலிருந்து இன்னொரு ஐநூறு சேர்த்து ஆயிரமாகக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். என்னைப் பற்றி நல்லவிதமாக எழுதிக்கொள்ள எனக்கும் ஆசைதான், ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

அக்கா கம்பத்தை ஒருமுறை எழுப்பி இறக்கிக் காட்டினார். எண்ணெய் போட்டதுபோல ஏறி இறங்கியது.

"எவ்வளவுக்கா?" என்றேன்.

"நீங்க சொல்லுங்க அம்மிணி."

செருப்பைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தார். அதில் கோபமும் இல்லை, எதிர்பார்ப்பும் இல்லை. நான் நூறு சொன்னாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றார். அதைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவர்மேலா என்மேலா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"பன்னெண்டாயிரம்" என்றேன்.

"அய்யோ, உங்ககிட்டப் போயி..."

"இன்னிக்கு யாராச்சும் வந்து கேட்டாங்களா?"

"இல்லீங்க."

"அப்ப நான்தான் போணி. விலை சொல்லிட்டேன். மறுப்பீங்களா?"

அக்கா ரிக் வண்டியை எடுத்தார், வைத்தார். "குறைச்சுக்கலாமுங்க" என்றார். போணி விலையைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சிய வியாபாரியை நான் அன்றுதான் பார்த்தேன். நான் அசையவில்லை. "என்னையக் கட்டிப் போட்டுட்டீங்களே அம்மிணி" என்றார். கண் கலங்கியிருந்தது. பையிலிருந்த ஐநூறை அட்வான்ஸாகக் கொடுத்தேன். மீதியை மத்தியானம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைக்குப் புதுக் கலர் பிரிண்டர் வாங்க வைத்திருந்த பணம். என் வீட்டுக்காரரிடம் பிரிண்டர் மாடல் சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

சித்திரையில் நாமகிரிப்பேட்டையில் அதே லைனில் கடைசி வீடு காலியானது. சார்ப்பு இல்லை, ஆனால் பின்னால் கொஞ்சம் இடம் இருக்கிறதாம். ஒரு குட்டியானை லோடு வண்டியில் அக்காவின் சாமான் அத்தனையும் ஏறிவிட்டது. பாதி மரத்துண்டுகள். தம்பி வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நாங்க என்னக்கா கொறை வெச்சோம்?" என்று கேட்டார். பெரிய மீசைக்கார மனுசன், குழந்தை மாதிரி உதடு நடுங்கியது. "ஒரு கொறையும் இல்ல சாமி" என்று அவர் கன்னத்தைத் தடவிவிட்டு, அக்கா முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். என்னைப் பார்த்து, "வாரேனுங்க" என்றார். அதற்குப் பிறகு நான் அவரை நேரில் பார்க்கவில்லை. நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டு இருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

ரிக் வண்டியைச் சேலத்துக்கு அனுப்பினேன். "ஐநூறுதானே? மேல ஏதாச்சும் கேட்டாங்களா?" என்று நாத்தனார் கேட்டார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். எத்தனையோ முறை மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். "இல்லங்க அண்ணி, ஐநூறுதான்" என்றேன்.

போன வாரம் மறுபடி போன் வந்தது. சம்பந்தியம்மா வீட்டு விசேசத்தில் எல்லாரும் பார்த்தார்களாம், ஒரே புகழ்ச்சியாம். அவர்கள் பக்கத்தில் மூன்று பேருக்கு வேண்டுமாம். நான் அக்காவிடம் சொன்ன விலைக்கு மூன்றுக்கு முப்பத்தாறாயிரம். என் கடையின் இரண்டு மாச வருமானம். போனைக் காதில் வைத்தபடி, எட்டு வருசமாக ஏறாத வாடகையில் இருக்கும் என் கடையைச் சுற்றிப் பார்த்தேன். ஜெராக்ஸ் மெஷின் தாளைத் துப்பிக்கொண்டிருந்தது. எதிரே ஒருத்தர் சில்லறைக்கு நின்றுகொண்டிருந்தார்.

"மூணு பேருக்கும் சேர்த்து ஆயிரத்தி ஐநூறு அனுப்பிட்டேன், வந்துச்சா பாரு" என்றார் நாத்தனார். "ஒண்ணுக்கு மட்டும் பச்சை பெயின்ட் அடிக்கச் சொல்லணும். சொல்லுவியா?"

"சொல்லிடறேன் அண்ணி" என்றேன்.